சந்தனப் பொட்டோடு ஜேஎன்யூவுக்குப் போகலாமா?

தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நாகர்கோவிலில் பி.ஏ. வரலாறு முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, டெல்லி ஜேஎன்யூவில் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், ஊர்க் கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். அண்ணன் ஓர் இந்து அமைப்பில் தீவிரம். "அங்கே எல்லாரும் இடதுசாரிகள் என்கிறார்கள். நான் தினமும் சாமி கும்பிடுகிறவன். நெற்றியில் சந்தனம் இல்லாமல் வெளியே போனதில்லை. அரசியல் பேசிப் பழக்கமும் இல்லை. என்னை ஒதுக்கிவிடுவார்களா? ஒதுக்காமல் இருக்க வேறு ஆளாக நடிக்கணுமா?" இதுதான் கேள்வி.

நான் மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவக் குடும்பம். 1990களின் பின்பாதியில், வடக்கே இதே மாதிரி இடதுசாரிச் சாய்வுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வும் ஆய்வுப் படிப்பும் முடித்தேன். இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் ஜேஎன்யூவுக்கும் ஹைதராபாத்துக்கும் போயிருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது அவர்கள் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துப் படியுங்கள் தம்பி.

நடிக்க வேண்டாம். சந்தனத்தை அழிக்கவும் வேண்டாம். ஆனால் அங்கே போய்ச் சில பழக்கங்களை விடவேண்டியிருக்கும், சிலவற்றைப் புதிதாகப் படிக்கவேண்டியிருக்கும். அதற்கும் நடிப்புக்கும் வித்தியாசம் உண்டு. குலசேகரத்துக்காரர் குளச்சலில் சம்பந்தம் செய்துகொண்டால் அந்த வீட்டு முறையைக் கற்றுக்கொள்வதில்லையா, அதுபோலத்தான்.

முதலில் 'எல்லாரும் இடதுசாரிகள்' என்பதைச் சரிபார்ப்போம். 1969-ல் தொடங்கிய காலத்திலிருந்தே ஜேஎன்யூவில் இடதுசாரி மாணவர் அமைப்புகளின் கை ஓங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் எஸ்எஃப்ஐ, ஏஐஎஸ்எஃப், ஐசா, டிஎஸ்எஃப் என்று அவர்களுக்குள்ளேயே பல பிரிவு. ஒரு தேர்தலில் கூட்டணி என்றால் அடுத்ததில் எதிரெதிராக நிற்பார்கள். அம்பேத்கரிய மாணவர்களின் பாப்சா 2014-ல் வந்தது. இடதுசாரிகளிடமும் சாதி இருக்கிறதே என்று நேருக்கு நேர் கேட்பவர்கள் அவர்கள். காங்கிரஸின் என்எஸ்யூஐ உண்டு. ஆர்.எஸ்.எஸ். சார்ந்த ஏபிவிபியும் பலமாகவே இருக்கிறது. 2015-லும் 2025 ஏப்ரலிலும் மாணவர் சங்க இணைச் செயலாளர் பதவியை அவர்கள் வென்றார்கள். இதில் எதிலும் சேராமல், காலையில் நூலகம், மாலையில் டீ, இரவில் அரட்டை என்று படித்துவிட்டுப் போகிற பிள்ளைகளும் நிறைய. இன்னொன்று, லிபரல் என்பதும் இடதுசாரி என்பதும் ஒன்றல்ல. யார் எப்படி வாழ்ந்தாலும் அது அவரவர் விருப்பம் என்று நினைக்கிறவர் லிபரல். அவர் கம்யூனிசத்தை ஏற்காதவராகவும் இருக்கலாம். வளாகத்தின் பொது மனநிலை என்று நீங்கள் உணரப்போவது பெரும்பாலும் இந்த லிபரல் பண்பைத்தான். உங்களைக் கட்சியில் சேரச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கப் போவதில்லை.

அங்கே அன்றாடம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயத்தில் பாதி அது தெரியாததால் வருவது. விடுதிகளுக்கு ஆற்றின் பெயர்கள்: கங்கா, காவேரி, பெரியார், கோதாவரி, ஜீலம், சபர்மதி. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெரியார் விடுதி என்றதும் ஈ.வெ.ரா. பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். அது கேரளத்துப் பெரியாறு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது ஒரு மெஸ்ஸில் கூட்டம் நடக்கும். பேராசிரியரோ பத்திரிகையாளரோ வந்து பேசுவார், பிறகு நள்ளிரவு வரை கேள்விகள். மேசையில் துண்டறிக்கைகள் கிடக்கும். சாப்பிட்டுக்கொண்டே எல்லா அமைப்பின் துண்டறிக்கையையும் படியுங்கள். ஒரே விஷயத்தை நான்கு பேர் நான்கு விதமாக எழுதியிருப்பதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. மாணவர் சங்கத் தேர்தலை நடத்தும் ஆணையத்திலும் மாணவர்கள்தான். தலைவர் வேட்பாளர்கள் மேடையில் நின்று பேசி, ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் ஓர் இரவு உண்டு. நான்கு ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் கிடந்து 2024 மார்ச்சில் மறுபடி நடந்தபோது, என் மாணவி அந்த இரவிலிருந்து எனக்குத் தொலைபேசியில் சத்தத்தைக் கேட்க வைத்தாள். யாருக்கு ஓட்டு என்று முடிவில்லாவிட்டாலும் அந்த இரவைத் தவறவிடாதீர்கள்.

சரி, இப்போது கடினமான பகுதிக்கு வருவோம்.

நம்ம மாவட்டத்தில் ஒருவரை முதல் தடவை பார்த்தால் என்ன கேட்போம்? வீடு எங்கே, எந்தக் கோயில், கிறிஸ்தவர் என்றால் எந்தச் சபை. மூன்று கேள்வியில் ஆளின் சாதி தெரிந்துவிடும். கேட்கிறவருக்கே தான் அதைத்தான் கேட்கிறோம் என்று உறைக்காத அளவுக்கு இது பழகிப்போய்விட்டது. நான் போன முதல் மாதம், கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், நாமும் கிறிஸ்தவர், அவளும் கிறிஸ்தவர் என்ற நெருக்கத்தில், "எந்தச் சபை?" என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. அவளுடையது தலித் கிறிஸ்தவக் குடும்பம். அந்தக் கேள்விக்கு அடுத்து எது வரும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்தவள். அவள் என்னோடு மறுபடி இயல்பாகப் பேச ஒரு பருவம் முழுவதும் ஆனது. நான் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது உண்மை. அவளுக்கு வலித்தது என்பதும் உண்மை. என் எண்ணத்தை விளக்கிக்கொண்டிருந்தவரை எதுவும் சரியாகவில்லை. 'நான் கேட்டது தப்பு' என்று ஒரே வரியில் சொன்ன பிறகுதான் சரியானது.

ஆகவே தம்பி, விடவேண்டிய முதல் பழக்கம் இது. ஊர், சபை, கோயில், அப்பாவின் தொழில், இதையெல்லாம் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வட இந்தியப் பிள்ளைகளில் சிலர் உங்கள் 'முழுப் பெயரை' கேட்பார்கள். அதுவும் பல நேரம் இதே மாதிரிக் கேள்விதான். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் பழக்கத்தைத் தமிழ்நாடு பெரும்பாலும் விட்டுவிட்டது. இனிஷியலும் ஒற்றைப் பெயருமாக இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். அந்த வளாகத்தில் அது மரியாதையாகவே பார்க்கப்படும்.

இட ஒதுக்கீடு பற்றிய பேச்சு முதல் வாரத்திலேயே வரும். இங்கே உங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. நீதிமன்றம் எளிதில் கைவைக்க முடியாதபடி, 1994-ல் அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணையில் அந்தச் சட்டம் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்து இங்கே எந்தப் பெரிய கட்சியும் வாய் திறப்பதில்லை. உங்கள் வீட்டிலும் அதை யாரும் தவறு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வடக்கே அப்படி இல்லை. மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு தரும் மண்டல் பரிந்துரையை அமல்படுத்தியபோது 1990-ல் டெல்லியில் நடந்த கொந்தளிப்பைப் படித்திருப்பீர்கள். ஆக, உங்கள் அப்பாவின் கடைத் திண்ணையில் சாதாரணமாக ஒப்புக்கொள்ளப்படும் ஒரு விஷயம், அங்கே முற்போக்கு நிலைப்பாடு. நீங்கள் நினைப்பதைவிட அவர்களுக்கு நெருக்கமாகத்தான் இங்கிருந்து கிளம்புகிறீர்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 1982-ல், இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது. உங்கள் வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு இருந்திருக்கும். எந்தப் பக்கக் கதையைக் கேட்டு வளர்ந்தீர்களோ தெரியாது, நான் கேட்டு வளர்ந்தது வேறு பக்கக் கதையாக இருக்கலாம். எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்தவர் ஒரு இந்து. அந்த மாதத்திலும் அவர் வருவதை நிறுத்தவில்லை. அப்பா வாங்குவதையும் நிறுத்தவில்லை. ஆனால் இருவரும் வாசலில் நின்று மாட்டுத் தீவன விலையையும் ரப்பர் விலையையும் தவிர வேறெதையும் பேசவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பல மாதம் கழித்து, ஒரு மழை நாளில் அவர் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது, முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினார்கள். குரல் உயர்ந்தது. பாட்டி உள்ளேயிருந்து, "மக்களே, பால்காரன் நல்ல மனுசனாக்கும், மெள்ளப் பேசு" என்று அப்பாவை அதட்டினாள். மறுநாளும் பால் வந்தது.

நான் வடக்கே போய்த் தனியாகத் தடுமாறியபோது எனக்குக் கைகொடுத்தது அந்தத் திண்ணைதான். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். இப்படி ஒரு கலவையில் வளர்ந்த பிள்ளைக்கு, தன்னைப்போல் நினைக்காதவரோடு ஒரே பஸ்ஸிலும் ஒரே கல்யாணப் பந்தியிலும் உட்காரத் தெரியும். முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம், கருத்து மெள்ள வரும். இந்த வரிசையை ஜேஎன்யூவில் தலைகீழாக்கிவிடாதீர்கள். அங்கே பல பிள்ளைகள் கருத்தில் தொடங்கி ஆளுக்கு வருவார்கள். முதல் நாளே 'நீ எந்தப் பக்கம்?' என்பார்கள். "இப்போதுதானே வந்திருக்கிறேன், இரண்டு மாதம் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை, ஒளிப்பதும் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் அறைத் தோழனுக்குக் காய்ச்சல் வந்தால் சுகாதார மையத்துக்குக் கூட்டிப்போங்கள், குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள், மைதானத்தில் விளையாடுங்கள். அதன்பிறகு நீங்கள் சொல்லும் மாறுபட்ட கருத்து, 'நம்ம பையன்' சொல்லும் கருத்தாகப் போய்ச் சேரும்.

மாறுபடும்போது எப்படிப் பேசுவது? என் மாணவன் ஒருவன் நன்றாகச் செய்தான். ஒரு மெஸ் கூட்டத்தில், மதம் என்பதே மக்களை அடக்கும் கருவி என்று ஒருவர் பேசினார். இவன் எழுந்து எதிர்வாதம் செய்யவில்லை. அய்யா வழியின் தலைமையிடமான, நம் மாவட்டத்துச் சாமித்தோப்பைப் பற்றிச் சொன்னான். 1809-ல் பிறந்த அய்யா வைகுண்டர், தலையில் துண்டு கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார், கருவறை இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடியை வைத்தார், திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் போட்டது. "இது மதம்தான். இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். கூட்டம் முடிந்ததும் பேசியவரே அவனைத் தேடி வந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம்.

நீங்கள் வரலாற்று மாணவர். அங்கே 'அடித்தள மக்கள் வரலாறு' என்று தடித்த புத்தகங்களில் படிக்கப்போவது உங்களுக்கு டவுன் பஸ் தூரத்தில் நடந்திருக்கிறது. தோள்சீலைப் போராட்டம் இந்த மண்ணில் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குத் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்டது 1859-ல். கோயில் தெருவில் எல்லாரும் நடக்கவேண்டும் என்று சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்று 1936-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கோயிலை விட்டு விலகியவர்களும் சரி, அதே கோயிலுக்குள் போகவேண்டும் என்று அடிபட்டவர்களும் சரி, இரண்டு தரப்பாரும் நம் முன்னோர்தான். இதையெல்லாம் சரியாகப் படித்துக்கொண்டு போங்கள். பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. பக்தியும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்று அங்கே சிலர் நினைப்பார்கள், உங்கள் ஊரிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கவேண்டும்.

பூதப்பாண்டியில் 1907-ல் பிறந்த ஜீவாவையும் (ப. ஜீவானந்தம்) சொல்லாமல் இருக்க முடியவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர். கம்பராமாயணத்தைக் கொளுத்தவேண்டும் என்று தமிழ்நாட்டில் ஒரு பக்கம் குரல் எழுந்த காலத்தில், கம்பனைக் கொண்டாடி மேடைமேடையாகப் பேசியவர். அதனால் அவருடைய கொள்கை ஒன்றும் இளகிவிடவில்லை. ஒரு மனிதருக்குள் இரண்டும் இருக்கலாம் என்பதற்கு நாம் வெளியூரில் ஆள் தேடவேண்டியதில்லை.

பெண்களோடு பழகுவது பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஆண்பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம் மாவட்டக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். படிக்கட்டில் நின்று பேசினாலே கூப்பிட்டு விசாரிப்பார்கள். அங்கே இரவு பன்னிரண்டு மணிக்கு கங்கா தாபா என்ற வளாகத்து டீக்கடையில் பெண்கள் டீ குடித்துக்கொண்டு இருப்பார்கள், உங்களை உட்காரச் சொல்வார்கள், தோளில் தட்டுவார்கள், சிகரெட்டும் பிடிக்கலாம். அதற்கு நட்பைத் தாண்டிய அர்த்தம் எதுவும் கிடையாது. அப்படி அர்த்தம் எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்பி, பதில் வராததைச் சம்மதம் என்று நினைத்து, கடைசியில் விசாரணைக் குழு முன்னால் நின்ற நல்ல வீட்டுப் பையனை எனக்குத் தெரியும். அவன் கெட்டவனில்லை, ஆனால் அந்தப் பெண் பட்ட துன்பமும் சின்னதில்லை. ஒரு தடவை 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். பதில் சொல்லாவிட்டாலும் வேண்டாம்தான். யாருடைய உடையைப் பற்றியும் கருத்துச் சொல்லாதீர்கள், பாராட்டாகக்கூட. அப்புறம், "என் தங்கை மாதிரி" என்ற வார்த்தையை இங்கே மரியாதையாகச் சொல்வோம். அங்கே அது பல பெண்களுக்கு எரிச்சல் தரும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது போதும்.

ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள், திருநங்கையர், திருநம்பியர் உங்கள் வகுப்பில் வெளிப்படையாக இருப்பார்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் திருத்தி வாசித்த பிறகு இதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்ததும் 2008-லேயே தமிழ்நாடுதான். தன்னை எப்படிக் குறிப்பிடவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அப்படியே குறிப்பிடுங்கள். உங்கள் நம்பிக்கை இதில் என்ன சொல்கிறது என்று உங்களுக்குள் குழப்பம் இருக்கலாம், எனக்கும் வெகுநாள் இருந்தது. அந்தக் குழப்பத்தை எதிரில் இருப்பவர் சுமக்கவேண்டியதில்லை.

குடி, புகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, உங்கள் அம்மா கேட்பார். 'எனக்குப் பழக்கமில்லை' என்று ஒரு தடவை சொன்னால் விட்டுவிடுவார்கள். உடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். கசங்கிய சட்டைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஒதுக்குவார்களா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சிலர் ஒதுக்குவார்கள். எல்லாரையும் ஏற்கவேண்டும் என்று பேசுகிறவர்களில் சிலருக்கு நெற்றிப் பொட்டையும் கழுத்துச் சிலுவையையும் ஏற்க முடியாது. எனக்கு ஒரு சீனியர் இருந்தார், கேரளத்துக்காரர், வளாகத்தில் பெரிய பேச்சாளர். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதைப் பார்த்து, நான் கேட்கும்படியாகவே, "மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, இது சரிப்படாது" என்று மற்றவர்களிடம் சொன்னார். அன்று அறைக்கு வந்து அழுதேன். அடுத்த வாரம் சர்ச்சுக்குப் போகாமல் இருந்து பார்த்தேன். அன்று முழுவதும் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. மறுவாரம் போய்விட்டேன். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான் உங்களிடம் சந்தனத்தை அழிக்காதீர்கள் என்கிறேன். வைத்தால் பேசுவார்கள், பிறகு பழகிப்போவார்கள். அழித்தால் அந்த இடத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கப்போவது நீங்கள்தான்.

அதேபோல, அந்தச் சந்தனத்தைப் பார்த்துவிட்டு உங்களைத் தங்கள் ஆள் என்று நினைத்து ஓடிவருகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடமும் அந்த இரண்டு மாதத்தைக் கேளுங்கள். நாலு பேர் கிண்டல் செய்த கோபத்தில் மறுபக்கம் போய் விழுந்த பிள்ளைகள் உண்டு, அங்கே அன்பாக அணைத்துக்கொண்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. எந்த அமைப்பில் சேர்ந்தாலும் அது யோசித்து எடுத்த முடிவாக இருக்கட்டும். போராட்டங்களுக்குப் போகலாம், நான் போயிருக்கிறேன். ஆனால் வளாகத்துக்குள் போராட்டம் நடத்தினால் அபராதம் வரை போகும் விதிகள் இருக்கின்றன, வழக்கும் வரலாம். எதற்காக நிற்கிறோம், என்ன நடந்தால் என்ன செய்வோம் என்று தெரிந்துகொண்டு நில்லுங்கள். கூட்டத்தோடு முகநூலில் ஒரு வரி எழுதுவதற்கும் இது பொருந்தும். போகும் முன் உங்கள் வாட்ஸ்அப்பில் அண்ணன் அனுப்பியதை நீங்களும் எங்காவது பகிர்ந்திருந்தால், அது உண்மைதானா என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். ஒரு மதத்தாரைப் பற்றி இழிவாக வந்த ஒன்றை நீங்கள் பரப்பியிருந்தால், அதை யாராவது கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு கிறிஸ்தவப் பெண்ணாகவும் இதைச் சொல்கிறேன்.

மொழி ஒரு தடையாகத் தோன்றும். கோஷங்கள் இந்தியில், டீக்கடை இந்தியில். ஆறு மாதத்தில் காது பழகிவிடும். அதுவரைக்கும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மலையாளிகள் அங்கே நிறைய. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), சக்கை (பலா) என்று நீங்கள் பேசுவது சென்னைப் பிள்ளைகளுக்கு மலையாளமாகவும் மலையாளிகளுக்குத் தமிழாகவும் கேட்கும். இரண்டு கூட்டமும் உங்களைப் பாதி தங்கள் ஆளாக எடுத்துக்கொள்ளும். போகும்போது அம்மாவிடம் சொல்லி ஒரு டின் முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் எடுத்துப் போங்கள். விடுதி வராந்தாவில் அந்த டின்னைத் திறந்து வைத்தால், பத்து மெஸ் கூட்டத்தில் கிடைக்காத அறிமுகம் ஒரே சாயங்காலத்தில் கிடைக்கும். கோயிலுக்குப் போக ஆசை வந்தால், பக்கத்தில் ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் இருக்கிறது, குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி. டெல்லித் தமிழ்ச் சங்கமும் அதே ராமகிருஷ்ணபுரத்தில்தான். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் போய், தமிழில் சத்தமாக நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். ஒரு மலையாளி நண்பரையோ வங்காளி நண்பரையோ கூட்டிக்கொண்டும் போகலாம்.

இனி வீடு. இரண்டாவது பருவம் முடிந்து ஊருக்கு வரும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்கும் என்பது என் அனுபவம். அங்கே கற்றுக்கொண்ட வார்த்தைகளை அப்படியே அப்பாவின் தலையில் போட்டால் அவருக்குப் புரியாது, வலிக்கும். நான் முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சபையில் நிலவும் சாதியைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தினேன். நான் சொன்னதெல்லாம் சரி. சொன்ன விதத்தில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். அந்த விஷயத்தை அவர் என்னோடு பேச இன்னும் இரண்டு வருடம் ஆனது. அண்ணனிடம் நீங்கள் வாதம் செய்யவேண்டிய நாள் வரும். வாதத்துக்கு முன்னால் அங்கே உங்களோடு சாப்பிடுகிறவர்களைப் பற்றிச் சொல்லுங்கள், பெயரோடு, ஊரோடு. காஷ்மீரிலிருந்து வந்த அறைத் தோழன் எப்படித் தேர்வுக்குப் படிக்கிறான், மணிப்பூர்ப் பெண் என்ன ஊறுகாய் கொண்டுவந்தாள் என்று சொல்லுங்கள். தொலைபேசியில் அம்மாவுக்கும் அதையே சொல்லுங்கள்.

என் ஆய்வுப் படிப்பின் இரண்டாம் வருடம் அப்பா என்னைப் பார்க்க வந்தார். வேட்டி சட்டையோடு, கையில் ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி. மெஸ்ஸில் அந்த மலையாளி சீனியர் எதிரே வந்து உட்கார்ந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் வீட்டிலும் ரப்பர் தோட்டம் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. இருவரும் மலையாளமும் தமிழும் கலந்து பால் வெட்டுவதைப் பற்றியும், மழைக்காலத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டுவதைப் பற்றியும், விலை சரிந்ததைப் பற்றியும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கிளம்பும்போது அவர் அப்பாவின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். அந்த வாரம் அவர் என்னிடம், சர்ச்சில் என்ன பாட்டுப் பாடுவீர்கள் என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

முதல் வருடம் முடிவதற்குள் உங்கள் அப்பாவையும் ஒருமுறை அங்கே வரவழையுங்கள் தம்பி. கடையை இரண்டு வாரம் அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். திருக்குறள் எக்ஸ்பிரஸ் நாகர்கோவிலில் நிற்கும், ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். கீழ் பெர்த் போட்டுக்கொடுங்கள், குளிர்காலம் என்றால் ஒரு கம்பளியும் சேர்த்து.